அமைப்புகளுக்கு ரூஹ் ஊதுவோர்

சென்ற மாதம் எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. கிராஅத்துடன் தொடங்கி துஆவுடன் நிறைவடைந்த கூட்டம். உரையாற்றியவர் வெளியூரிலிருந்து வந்த மேலாண்மைப் பயிற்சியாளர், நம் சமுதாயத்தவர், நன்கு கற்றவர், நாவன்மை உடையவர். அவருடைய உரையின் சாரம் இதுதான்: பூமி ஓர் உயிர். சந்தை ஓர் உயிர். ஒரு நிறுவனமும் ஓர் உயிர். இன்று மனிதனோடு உரையாடும் கணினியும் நாளை ஓர் உயிராகிவிடும். பல பகுதிகள் ஒன்றுகூடித் தம்மைத் தாமே எங்கெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொள்கின்றனவோ, அங்கெல்லாம் உயிர் இருக்கிறது. மேற்குலகம் இருபதாம் நூற்றாண்டில் கண்டுகொண்ட இவ்வுண்மையைத் திருமறை முன்னரே அறிவித்துவிட்டது என்று சொல்லி, ஏழு வானங்களும் பூமியும் அவற்றிலுள்ள அனைத்தும் இறைவனைத் துதிப்பதாகக் கூறும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 44ஆம் வசனத்தை ஓதினார். மண்டபம் தக்பீரால் அதிர்ந்தது.

கேள்வி நேரத்தில் பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, ஆறு உயிருன்னு சொன்னீங்க, சந்தோஷம். எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேவ மாட்டேங்குது. தென்னையெல்லாம் பட்டுப் போச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார்.

பேச்சாளர் புன்னகைத்தார். "பெரியவரே, தோல் தொழிலும் உயிருள்ள ஓர் அமைப்புதான். அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். ஆறும் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். தனி ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, சிஸ்டம் அப்படித்தான் இயங்கும்" என்றார்.

முதியவர் அமர்ந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த கண்ணியத்திற்குரிய பலர் தலையசைத்தனர். அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஹதீஸும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவன் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

மறுநாள் காலைப் பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், நேற்று அவர் சொன்னது சரிதானே? பேரீச்ச மரத் தண்டு அழுததை நீங்களே எங்களுக்கு நடத்தினீர்களே. உஹத் மலை நம்மை நேசிக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் நடத்தினீர்களே. அழுவதும் நேசிப்பதும் உயிருள்ளவற்றின் செயல்கள் அல்லவா?"

நல்ல கேள்வி. மின்பர் செய்யப்படுவதற்கு முன் நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று குத்பா நிகழ்த்திய தண்டு, அவர்கள் தன்னைப் பிரிந்தபோது விம்மியது என்பது புகாரியில் பதிவான செய்தி. நபித்துவத்திற்கு முன்னரே தமக்கு ஸலாம் உரைத்த மக்கத்துக் கல்லொன்றைப் பற்றி முஸ்லிம் நூலில் வந்துள்ளது. ஒரு முஸ்லிமின் உலகில் ஜடம் என்று எதுவும் முற்றிலும் ஊமையாக இல்லை. ஆகவே, உயிரற்ற பொருளுக்கு இறைவனோடு எத்தொடர்பும் இல்லை என்று சொல்லி அம்மாணவனை நான் வாயடைக்க இயலாது. வாயடைக்க விரும்பவும் இல்லை. எனினும், துதி செய்வது வேறு, உயிரினமாக இருப்பது வேறு. பேச்சாளர் ஓதிய அதே வசனம், அவற்றின் துதியை நீங்கள் விளங்கிக்கொள்வதில்லை என்ற கருத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பகுதியை அவர் கடந்து சென்றுவிட்டார். உயிரற்றவற்றின் துதி அவற்றின் நிலையாலேயே படைத்தவனைச் சுட்டிக்காட்டுவது என்று இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) விளக்கினார்கள். இல்லை, அது மெய்யான துதியே என்னும் கருத்தை இமாம் குர்துபீ (ரஹ்) ஆதரித்தார்கள். இருவரில் எவரும் அதைக் கொண்டு பூமிக்கு ஓர் உடற்கூறும் சுயவிருப்பமும் உண்டு என்று நிறுவப் புறப்படவில்லை.

இனி அவர் சான்று காட்டிய அறிவியலுக்கு வருவோம். பூமியை உயிராகக் காணும் கொள்கைக்கு இக்காலத்தில் பெயர் பெற்றவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக். 1960களில் அவர் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திற்காகச் செவ்வாயில் உயிர் உண்டா என்று கண்டறியும் வழியைத் தேடினார். அங்கே போய் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை, கோளின் காற்றைப் பகுத்தாலே போதும் என்பது அவருடைய நுட்பமான கருத்து. பூமியின் காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் ஒருங்கே இருக்கின்றன. ஒன்றோடொன்று வினைபுரிந்து மறைந்துபோக வேண்டியவை அவை. உயிரினங்கள் இடைவிடாமல் அவற்றை வெளியிட்டுக்கொண்டிருப்பதால்தான் நிலைத்திருக்கின்றன. செவ்வாயின் காற்றோ பெரும்பாலும் கரியமில வாயு. அது வேதிச் சமநிலையில் அசையாமல் கிடக்கிறது. இதிலிருந்துதான், பூமியின் உயிர்களும் காற்றும் கடலும் பாறையும் சேர்ந்து தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஒரே அமைப்பு என்ற கருத்து வளர்ந்தது. அதற்கு 'கையா' என்ற கிரேக்கப் பூமித் தெய்வத்தின் பெயரைச் சூட்டலாம் என்று யோசனை கூறியவர் அவருடைய ஊர்க்காரரான நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். 1979இல் அப்பெயரிலேயே நூல் வந்தது. வேறொரு வறண்ட பெயர் வைத்திருந்தால் இக்கொள்கை நம் ஊர்த் திருமண மண்டபம் வரை வந்திருக்குமா என்று எனக்கு ஐயம் உண்டு.

லவ்லாக்கின் ஆய்வை நான் மறுக்கவில்லை. வானங்களையும் பூமியையும் ஓர் அளவோடு, ஒரு மீஸானோடு அமைத்ததாகத் திருமறை கூறுவதை நம்புகிற நமக்கு, அந்த மீஸான் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கும் எவரும் ஆசிரியரே. ஆனால் பேச்சாளர் மறைத்த சில செய்திகள் உள்ளன. லவ்லாக்கோடு சேர்ந்து இக்கொள்கையை வளர்த்த உயிரியலாளர் லின் மார்குலிஸ், பூமியை ஓர் உயிரி என்று அழைப்பதை ஏற்கவில்லை. எந்த உயிரியும் தன் கழிவைத் தானே உண்டு வாழ்வதில்லை; பூமியிலோ ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகச் சுழல்கிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய வேறுபாடு. பூமி இனப்பெருக்கம் செய்வதில்லை, பிற பூமிகளோடு போட்டியிட்டுத் தேர்வு பெற்றதும் இல்லை என்ற எதிர்ப்பும் 1980களின் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்கு விடையாக, 1983இல் லவ்லாக்கும் ஆண்ட்ரூ வாட்சனும் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். கறுப்பு, வெள்ளை டெய்சிப் பூக்கள் மட்டுமே வளரும் ஒரு கற்பனைக் கோள் அது. கறுப்புப் பூ வெப்பத்தை ஈர்க்கிறது. வெள்ளைப் பூ வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. சூரியன் சூடேற ஏற, எந்தத் திட்டமும் நோக்கமும் இல்லாமலேயே கோளின் வெப்பநிலை நிலையாக நிற்கிறது. இந்த மாதிரி நிறுவியது என்ன? ஒழுங்கு நிலவுவதற்கு அந்த அமைப்புக்குள் நோக்கமோ அறிவோ இருந்தாக வேண்டியதில்லை என்பதைத்தான். அப்படியானால், தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அனைத்தும் உயிர் என்ற வாதம் அக்கொள்கையின் சொந்த மாதிரியாலேயே சரிந்து விழுகிறது.

ஆறு தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் என்றாரே, அதையும் பார்ப்போம். லவ்லாக் 2006இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே பழிவாங்கல் என்ற சொல் இருக்கிறது. பூமி மீண்டும் சமநிலைக்கு வரலாம். அந்தச் சமநிலையில் மனிதனுக்கு இடம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அஞ்சியவர் அவர். கோளின் கணக்கு ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஓடுவது. முதியவரின் தென்னைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

இவ்விவாதம் நமக்குப் புதியதும் அன்று. பிரபஞ்சம் முழுவதும் ஒரே பெருமனிதன் என்று பத்தாம் நூற்றாண்டு பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் தம் நிருபங்களில் எழுதினர். வானங்கள் ஆன்மா உடைய உயிர்கள், அவை தம் விருப்பத்தால் சுழல்கின்றன என்று கிரேக்க மரபைத் தொடர்ந்த தத்துவவாதிகள் வாதிட்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் முடித்த தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா நூலில் இருபது பிரச்சினைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பதினான்காவது இதுவே. இமாமவர்களின் அணுகுமுறையைக் கவனியுங்கள். வானம் உயிருள்ளதாக இருக்கவே முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த உடலிலும் உயிரைப் படைக்க அல்லாஹ் ஆற்றல் உள்ளவன். அதன் பருமனோ வட்ட வடிவமோ அதற்குத் தடையில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அது உயிருள்ளது என்று அறிவாதாரத்தால் நிறுவிவிட்டோம் என்ற தத்துவவாதிகளின் உரிமைகோரலையே உடைத்தார்கள். வஹீ அறிவிக்காத ஒன்றில், அசைவைப் பார்த்து ஆன்மாவை ஊகித்துவிட்டு அதை அறிவு என்று அழைக்காதே என்பது அவர்களின் நிலைப்பாடு. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், உரையாடல் நிரல் ஒன்றுக்கு உணர்வு இருக்கிறது என்று 2022இல் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அறிவித்தபோதும் எனக்கு அந்தப் பதினான்காம் பிரச்சினைதான் நினைவுக்கு வந்தது. அசைவின் இடத்தில் இப்போது வாக்கியம் வந்திருக்கிறது.

நம் ஃபுகஹாக்கள் உயிர் என்ற சொல்லை இவ்வளவு தளர்வாகக் கையாண்டதே இல்லை. அறுக்கப்படும் பிராணியிடம் அந்நேரத்தில் நிலைபெற்ற உயிர், ஹயாத் முஸ்தகிர்ரா, இருந்ததா என்பதைத் துடிப்பு, குருதியின் பாய்ச்சல் முதலிய அடையாளங்களைக் கொண்டு ஷாஃபிஈ நூல்கள் ஆராய்கின்றன. பிறந்த குழந்தை அழுததா, அசைந்ததா என்பதைப் பொறுத்தே அதற்கு வாரிசுரிமை உண்டா என்று தீர்மானிக்கின்றனர். ஏன் இவ்வளவு நுணுக்கம்? உயிர் என்று சொன்ன மாத்திரத்தில் ஹக்குகள் பிறந்துவிடுகின்றன. ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகத்திற்குரியவளானாள் என்பதை நாம் நம்புகிறோம். அந்தச் சொல்லைச் சந்தைக்கும் நிறுவனத்திற்கும் வாரி வழங்கினால், பூனைக்குரிய ஹக்கு டேனரிக்கும் போய்ச் சேர்கிறது. அது வளர வேண்டும், அதற்கு நோகக் கூடாது, அதைப் பட்டினி போடக் கூடாது என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அதே வேளையில் அதனிடம் கணக்குக் கேட்கவும் இயலாது. உருவம் வரைந்தோரை நோக்கி, நீங்கள் ஆக்கியதற்கு உயிர் கொடுங்கள் என்று மறுமையில் கட்டளையிடப்படும் என்ற ஹதீஸை நான் இப்போது படிக்கும்போது, பொருளாதார இதழ்களின் அட்டைப் படங்களும் மனக்கண்ணில் வருகின்றன.

சிலியைச் சேர்ந்த உயிரியலாளர்கள் மதுரானாவும் வரேலாவும் 1970களில், தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் தன்மையே உயிரணுவின் இலக்கணம் என்றனர். அதை ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சமூகத்தின் மீது பொருத்தினார். எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? சமூகம் என்பது மனிதர்களால் ஆனது அன்று, தகவல் பரிமாற்றங்களால் ஆனது. மனிதர்கள் அதன் சுற்றுப்புறத்தில் நிற்பவர்கள் என்ற முடிவுக்கு. அவருடைய கோட்பாட்டின் ஆழத்தை அளக்க நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் அமைப்புக்கு உயிர் ஊதத் தொடங்கினால் மனிதன் வெளித்திண்ணைக்குத் தள்ளப்படுவான் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எங்கள் மண்டபத்தில் அன்று நடந்ததும் அதுவே. முதியவர் வெளித்திண்ணைக்குப் போனார். குரோமியத்தைக் கலந்தவரும் அவரோடு சேர்ந்து, பழியிலிருந்து வெளியே போய்விட்டார்.

'ஆறுகளை உயிருள்ளவை என்று நீதிமன்றமே அறிவித்திருக்கிறதே, அது நன்மைக்குத்தானே' என்று கேட்பீர்கள். நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றுக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் 2017 மார்ச்சில் சட்ட ஆளுமை வழங்கியது. அதே மாதம் கங்கையும் யமுனையும் உயிருள்ள சட்ட ஆட்கள் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கூறியது. 2022 ஏப்ரலில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னையையே அவ்வாறு அறிவித்தது. இவற்றின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் நடந்ததைப் பாருங்கள். உத்தராகண்ட் தீர்ப்பு தலைமைச் செயலாளர் உள்ளிட்ட சில அதிகாரிகளை ஆறுகளின் பாதுகாவலராக நியமித்தது. உடனே மாநில அரசு உச்ச நீதிமன்றத்திற்கு ஓடியது. வெள்ளத்தில் எவரேனும் இறந்தால் தலைமைச் செயலாளர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுப்பார்களா என்று கேட்டது. 2017 ஜூலையில் தீர்ப்புக்குத் தடை கிடைத்தது. ஆறு உயிருள்ளது என்பதில் அரசுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆளைக் காட்டி இவர் பதில் சொல்ல வேண்டும் என்றதுதான் சுட்டது. வாங்கனூயி சட்டத்தில் பாராட்டத்தக்கது என்று நான் கருதுவதும் அரசு சார்பில் ஒருவர், மாவோரி மக்கள் சார்பில் ஒருவர் என இருவரை அதில் பொறுப்பாக்கியதையே. இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: முதவல்லி. வக்ஃபு நிலம் உயிருள்ளது என்று எந்த ஃபகீஹும் சொன்னதில்லை. அதற்குச் சொத்து உண்டு, உரிமை உண்டு, அதன் சார்பில் கணக்குக் கொடுக்க ஓர் ஆள் உண்டு. உயிரை இரவல் வாங்காமலேயே அது பாதுகாக்கப்படுகிறது. பாதுகாக்கப்படாமல் போகிற இடங்களில், முதவல்லி இல்லை அல்லது முதவல்லி திருடன்.

பாலாற்றின் வரலாறும் இதையே சொல்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றிலுமாகவோ கெட்டுவிட்டதையும் அது பதிவு செய்தது. அத்தீர்ப்பு ஆற்றுக்கு ரூஹ் ஊதவில்லை. மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்றது. அம்மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே மைல்கல்லாகக் கருதப்படும் தீர்ப்பு அது. அதன் பின்னரும், அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் தன்னைத் தானே திருத்திக்கொண்ட அமைப்பு எது என்று பேச்சாளரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் குற்றம்.

அந்த ஆலைகளில் பலவற்றின் உரிமையாளர்கள் யார் என்பது வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களின் ஸகாத்தாலும் ஸதகாவாலும் எழுந்த பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவதும் இத்தொழிலால்தான். என் தாய்மாமன் முப்பது ஆண்டுகள் சுண்ணாம்புக் குழியில் நின்று தன் பிள்ளைகளை வளர்த்தார். இத்தொழில் ஒழிய வேண்டும் என்று நான் எழுதவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு உண்மையாகப் பணம் செலவிட்டு இயக்குபவர்களும் நம்மில் உண்டு. இரவில் மதகைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. இருவரையும் 'சிஸ்டம்' என்ற ஒரே போர்வையால் மூடுவது முன்னவருக்கு இழைக்கும் அநீதி.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான். அஹ்ஸாப் அத்தியாயத்தின் 72ஆம் வசனத்தை எடுத்துப் பார். அமானிதம் வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் முன்வைக்கப்பட்டது. அவை அஞ்சி மறுத்தன, மனிதன் சுமந்துகொண்டான். திருமறை பூமிக்குத் துதியைக் கொடுத்திருக்கிறது, கீழ்ப்படிதலைக் கொடுத்திருக்கிறது, அச்சத்தைக் கூடக் கொடுத்திருக்கிறது. அமானிதம் ஒன்றுதான் அதனிடம் இல்லை. பூமி வேண்டாம் என்று சொன்ன சுமையை, பூமி ஓர் உயிர், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி மீண்டும் அதன் தலையில் ஏற்றிவைக்கப் பார்க்கிறார்கள். பூமிக்கு மறுமையில் ஒரு வேலை உண்டு. அது தன் செய்திகளை அறிவிக்கும் என்று ஸில்ஸால் அத்தியாயம் கூறுகிறது. அந்நாளில் அது சாட்சி. கைகளும் கால்களும் சாட்சி. ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின்படி மனிதனின் தோல்களும் சாட்சி சொல்லும். தோலை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் அந்த இடத்தைச் சற்று நிறுத்தி ஓத வேண்டும்.

"அப்படியானால் உம்மத் ஓர் உடல் என்று வந்துள்ளதே?" என்று விடாமல் கேட்டான். அவன் ஆலிமாகத் தேறுவான், இன்ஷா அல்லாஹ். இறைநம்பிக்கையாளர்களை ஓர் உடலுக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டது, ஓர் உறுப்பு நோயுற்றால் ஏனைய உறுப்புகளும் காய்ச்சலோடு விழித்திருக்க வேண்டும் என்பதற்காக. ஆற்றங்கரைக் கிணறு உப்பாகும்போது முன்வரிசைக்கு உறக்கம் வரக் கூடாது என்பதற்காக. உடல் என்று சொல்லிக்கொண்டு உறுப்புகள் கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காக அன்று. மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தே வருவதாக மர்யம் அத்தியாயம் 95ஆம் வசனம் சொல்கிறது. அங்கே சந்தை வராது, நிறுவனம் வராது.

கடந்த வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அந்த மாணவனோடு முதியவரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் கிணற்றிலிருந்து இறைத்த நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்பித் தந்தார். நிறம் தெளிவாகவே இருந்தது. நாவில் பட்டதும் உமிழ்ந்துவிட்டேன். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. எங்கள் ஜமாஅத் நிர்வாகக் குழுவில் மூவருக்குத் தோல் ஆலைகள் உண்டு. என் மாத ஊதியமும் அக்குழு வழங்குவதே. வரும் ஞாயிறு கூட்டத்தில் அந்தப் போத்தலை அவர்கள் முன் வைத்து, உங்கள் கழிவு நீர் எங்கே போகிறது என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்க நிய்யத் செய்திருக்கிறேன். அப்போது என் நா தளராமல் இருக்க துஆச் செய்யுங்கள்.